காலி எடை

கப்பலூர் எடைமேடைக்கு
ஒரு வெப் சர்வீஸ் வேண்டும் என்றார்கள்.
சிட்கோவுக்குள் வரும் லாரி ஏறி நிற்கும்,
எண் ராவுத்தரின் போனுக்குப் போக வேண்டும்.
அவ்வளவுதான்.

முதலில் இன்டர்ஃபேஸ் எழுதினேன்.
நான்கே வரி.
லோடு எடை எடு. காலி எடை எடு.
கழி. சீட்டுக் கொடு.
எது உள்ளே வரும், எது வெளியே போகும்
என்பது மட்டுமே அதில் இருக்கும்.
எப்படி என்று ஒரு சொல் இருக்காது.
நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுவது மாதிரி:
தேதி உண்டு, மண்டபம் உண்டு,
இருவரும் எப்படி வாழப்போகிறார்கள் என்பது
எந்தப் பத்திரிகையிலும் அச்சாவதில்லை.

கறுப்பு டெர்மினலில் கமாண்டை அடித்தேன்.
கருவியின் பெயர், ஓர் இடைவெளி, இரண்டு சிறு கோடு,
இன்டர்ஃபேஸ் இருக்கும் பாதை,
கோட் வந்து இறங்க வேண்டிய பாதை.
என்டர்.
டீக்கடையில் ஒரு கிளாஸைக் கழுவிக் கவிழ்க்கும் நேரம்.
முப்பத்தேழு கோப்புகள்.
கோரிக்கைக்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று,
நான் யோசித்தே பார்க்காத பிழைகளுக்கும்
ஆளுக்கொன்று.
எல்லாவற்றின் உச்சியிலும் ஒரே வாசகம்:
இது தானாக உருவானது. கையால் திருத்தாதே.

படித்தேன்.
போஸ்டர் ஒட்டாதே என்று எழுதிய சுவரை
மதுரையில் எப்படிப் படிப்போமோ
அப்படி.

வியாழக்கிழமை தவசுமணி கூப்பிட்டார்.
பதினாறு வருஷமாக அந்த மேடையில் நிற்பவர்.
'டிரைவர் எறங்குனாரான்னு அது கேக்கணும் மேடம்.
கேக்காம எடை எடுக்கக் கூடாது.'
நியாயம்தான்.
எனக்குத் திருமங்கலம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.
உருவான கோப்புக்குள்ளேயே
ஒரு வரியைச் செருகினேன்.
ஓடியது. கேட்டது.
பஸ்ஸும் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை ராவுத்தருக்கு
சீட்டில் சரக்கின் பெயரும் வர வேண்டும்.
இன்டர்ஃபேஸில் ஒரு சொல் கூட்டினேன்.
மேல் அம்புக்குறியை அழுத்தினால்
பழைய கமாண்ட் தானே வந்து நிற்கும். என்டர்.
முப்பத்தெட்டு கோப்புகள்.
முடிந்தது என்றது, பச்சை எழுத்தில்.

சனிக்கிழமை மல்லி லோடு.
மதுரைக்காரர்கள் பதற வேண்டாம், பூ இல்லை,
கொத்தமல்லி; விருதுநகரிலிருந்து.
தவசுமணிக்கு அன்று லீவு.
மேடையில் அவர் மச்சினன் பையன்.
'நீ ஒண்ணும் பாக்க வேணாம், திரையே கேக்கும்' என்று
சொல்லிவிட்டுப் போயிருந்தார்.
லோடோடு ஏறியபோது டிரைவர் உள்ளே.
இறக்கிவிட்டு வந்து ஏறியபோது
வண்டியை நிறுத்திவிட்டு டீக்கடையில்.

ராத்திரி போன்.
'கொத்தமல்லி வெலைக்கு
எழுபத்தோரு கிலோ டிரைவரை
வித்துட்டீங்க மேடம்.'
சிரித்தாரா என்று தெரியவில்லை.

கோப்பைத் திறந்தேன்.
என் வரி இருந்த இடத்தில்
ஒரு தழும்புகூட இல்லை.
கருவிக்கு என்னைத் தெரியாது.
தெரிந்ததெல்லாம் நான் கொடுத்த வாக்கு,
அந்த வாக்கில் டிரைவர் இல்லை.
சரக்கு இருந்தது, சீட்டு இருந்தது,
கழித்தல்கூட இருந்தது.

இன்டர்ஃபேஸிலேயே அவருக்கு ஓர் இடம் போட்டேன்.
ஆள் இறங்கியாச்சா: ஆம், அல்லது இல்லை.
அது வராமல் எடை நகராது.
எப்படிக் கேட்பது என்பதைத்
தனியே, கருவி தொடாத ஒரு கோப்பில் வைத்தேன்.
பிறகு வேண்டுமென்றே
நான்கு தடவை அதே கமாண்டை ஓட்டினேன்.
நான்கு தடவையும் வரி பிழைத்துக் கிடந்தது.

திங்கள் காலை நானே போய் நின்றேன்.
ஒரு டிப்பர் ஏறியது. திரை கேட்டது.
தவசுமணி திரைப்பக்கம் திரும்பவே இல்லை.
'எறங்குப்பா' என்று கத்தினார்.
பாதி வடை வாயிலிருக்க
டிரைவர் குதித்தார்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் நடுங்கி
அறுபத்தாறு குறைந்து
நின்றன.