போய்வந்த நாள்கள்

பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று.
நான்கு கிடையாது.
திங்கள், புதன், சனி என்று
மண்டபத்து விசைப்படகுக்கு
வாரத்தில் மூன்றே நாள் கடல்.
பாடப்புத்தகப் பையிலிருந்து எடுத்த
சிவப்புப் பந்தையும் கறுப்புப் பந்தையும்
திரும்ப உள்ளே போட்டுவிட்டு
கரும்பலகையில் எழுதினேன்:
எக்ஸ் என்பது
ஒரு வாரத்தில் கடலுக்குப் போய்வந்த
நாள்களின் எண்ணிக்கை.

தடைக்காலம் நீங்கலாக நாற்பது வாரம்.
வீட்டில் டோக்கன் சீட்டு இருக்கும், டீசல் நோட்டு இருக்கும்,
பார்த்து எண்ணி வாருங்கள் என்றேன்.
சீனி இபுராம்சாவின் தாள்
ஐஸ் பெட்டி வாடையோடு வந்தது.
நம்புராஜன் அவன் மாமா படகுக்கு
எல்லா வாரமும் மூன்று போட்டிருந்தான்.
"கச்சான் அடிச்ச ஆடியிலயுமா?"
"மாமா அப்படித்தான் சார் சொல்லுவாரு."

மேல்வரியில் மதிப்புகள்,
கீழ்வரியில் நிகழ்தகவுகள்.
எதுவும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.
எல்லாம் கூட்டினால் ஒன்று வர வேண்டும்,
கூடவும் கூடாது, குறையவும் கூடாது.
பரமக்குடியிலிருந்து பஸ் ஏறி வருகிற எனக்கு
கடலைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது
இவ்வளவுதான்.

ஜெனோவாவின் அட்டவணை:
பூஜ்யத்துக்கு 0.20
ஒன்றுக்கு 0.15
இரண்டுக்கு 0.25
மூன்றுக்கு 0.35
கூட்டினால் 0.95.

சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன்.
"ரெண்டு வாரத்தைக் கோட்டை விட்டுட்டே."
"விடல சார். தனியா வச்சிருக்கேன்."
தாளைத் திருப்பினாள்.
பின்பக்கம் பென்சிலில் இரண்டு கோடு.
"மொத வாரம் திங்கக்கெழம அப்பா போய்ட்டு வந்தாங்க.
புதன் போனாங்க. வரல.
அடுத்த வாரம் பூரா அங்கதான், ஜெயில்ல.
நீங்க போய்வந்த நாள்னு எழுதியிருக்கீங்க."
"அப்ப மொத வாரம் ஒன்று, அடுத்தது பூஜ்யம்."
"பூஜ்யம்னா, காத்து சரியில்லன்னு
வீட்ல படுத்துக் கெடக்குற வாரம் சார்.
எட்டு வாரம் அப்படிக் கெடந்தாங்க.
எட்டையும் போட்டிருக்கேன்."

போறேன் என்று
இந்தக் கரையில் யாரும் சொல்லி இறங்குவதில்லை.
போய்ட்டு வர்றேன்.
அந்த வாய்ப்பழக்கத்தில் நானும்
இரண்டு வினையை ஒரே சொல்லாக ஒட்டி
பலகையில் ஏற்றிவிட்டிருந்தேன்.
பிழை என் வரையறையில் கிடந்தது.
அவள் கூட்டல் சுத்தம்.

துடைத்தேன். 'போய்வந்த' போய்
'புறப்பட்ட' வந்தது.
இனி அந்தப் புதனையும் எண்ணலாம்,
முதல் வாரம் இரண்டு.
அடுத்த வாரம் பூஜ்யம்தான்;
படுத்துக் கிடந்ததா, பூட்டிக் கிடந்ததா என்று
எக்ஸ் கேட்காது என்றேன்.
அது அவளுக்குப் பிடிக்கவில்லை.
ஆனாலும் எழுதினாள்.
0.225, 0.15, 0.275, 0.35.
ஒன்று.

மூன்றாம் வாரம் ஆள் வந்தது.
படகு வரவில்லை.
அதன்பின் போனதெல்லாம் வேறொருவர் படகில்.
இதற்கு அட்டவணையில்
நான் வரி எதுவும் வைத்திருக்கவில்லை.

பிறகு எதிர்பார்ப்பு.
ஒவ்வொரு மதிப்பையும் அதன் நிகழ்தகவால் பெருக்கி,
கூட்டி,
ஒன்றே முக்கால்.
"யாரு சார் முக்கா தடவ போவா?" என்றான் இபுராம்சா.
"நடுக்கடல்ல இஞ்சின் நின்னா முக்கா."
நம்புராஜனின் பதிலுக்கு வகுப்பே சிரித்தது.
இது நீண்ட நாளின் சராசரி,
ஒரு வாரத்துக்குள் தேடக் கூடாது என்று
நான் விளக்கிக்கொண்டிருக்கையில்
தாளை நாலாக மடித்தபடி ஜெனோவா சொன்னாள்:
"எங்க தெருக் கடையில
வாரத்துக்கு ஒன்றரை தடவன்னு வச்சுத்தான் சார்
அரிசி கடன் தருவாங்க.
கால் கொறச்சு."

அந்தக் கடைக்காரர்
எதுவரை படித்தவர் என்று கேட்க வாயெடுத்தேன்.
மணி அடித்துவிட்டது.
நாளை சனி.