ஃபிரிட்ஜுக்குள் சாவி

பாட்டுப் பதியப் போகிற வீடுகளில்
என் முதல் வேலை திருட்டுவேலை போலிருக்கும்:
நேரே அடுப்படிக்குள் நுழைந்து
ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவேன்.
பிறகு என் கார்ச் சாவியை அதற்குள் வைப்பேன்.
சாவியில்லாமல் கிளம்ப முடியாது,
சாவியைத் தேடினால் பிளக் ஞாபகம் வரும்.
ஒருமுறை சாவியைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்ததில்
ஒரு குடும்பத்தின் குளிர்கால மூஸ் கறி முழுக்க
என் கணக்கில் கெட்டுப்போனது.

மெல்வினா ஸ்கியர்ட் சிரித்தாள்.
"கீழ்த்தட்டில் வை. மேலே காட் மீன் இருக்கிறது."

நியூஃபவுண்ட்லாந்தின் வடக்குக் கரை, ஜூன் மாதம்.
ஜன்னலுக்கு வெளியே ஒரு பனிமலை
மூன்று நாளாய்த் தரைதட்டி நிற்கிறது.
ஏறிட்டுப் பார்க்க இங்கே ஆளில்லை,
நண்டு ஆலையில் இரட்டை ஷிஃப்ட்.

"பாட்டு எப்படி வரும் உங்களுக்கு?"
எல்லோரிடமும் கேட்கிறேன் இந்த மட்டமான கேள்வியை.
போன வாரம் ஒரு படகுக்காரர், லியாண்டர்,
"ஆடுகிற பல் மாதிரி" என்றார்,
"நாக்கு அங்கேயே போய்ப் போய் வரும்."
ஃபிடில் வாசிக்கும் இரட்டையர்
ஒருவரையொருவர் பார்த்துவிட்டு ஒரு ரீல் வாசித்தார்கள்.
அதுதான் பதில் போலும்.

மெல்வினா விரல்களைச் சொடுக்கினாள்.
"ஆலையிலிருந்து வரும்போது கை மரத்திருக்கும்.
பேனா நிற்காது. அதனால் எழுதுவதில்லை.
ஒரு வரியை நாள் முழுக்க வாயில் அடக்கியிருப்பேன்,
நண்டுக் கால் ஒடிக்கிற தாளத்தில்.
சாயங்காலம்வரை கரையாமல் கிடந்தால் அது வரி.
கரைந்துபோனால் மிட்டாய்."

பாடத் தொடங்கினாள், துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லாமல்.
முதல் அடி எழும்பவில்லை.
இரண்டாம் தடவை உயரத்தில் போய் மாட்டிக்கொண்டாள்.
மூன்றாம் தடவை வாயைத் திறந்து, மூடி,
"இந்த வீட்டில் என்னவோ செத்துக் கிடக்கிறது" என்றாள்.
சுற்றிலும் பார்த்தாள்.
எழுந்து போய் பிளக்கைச் செருகினாள்.

ஒரு குலுக்கல். ஒரு செருமல்.
ம்ம்ம்ம் என்று பிடித்துக்கொண்டது கிழட்டுப் பெட்டி.
படகில் ஏறுகிறவள் மாதிரி
பார்த்து அதன்மேல் கால் வைத்தாள்.

பதினோரு வருஷமாய் நள்ளிரவு தாண்டி
இங்கேதான் பாட்டுக் கட்டியிருக்கிறாள்.
சுருதிப் பெட்டிக்குள் மீன் வைத்திருந்தது
அவளுக்கே தெரியாது.
பியானோவில் தேடினால் அந்தச் சுருதி அகப்படாது,
இரண்டு கட்டைகளுக்கு நடுவில்
இடுக்கில் கிடக்கிறது.

பாட்டின் மூன்றாம் கண்ணியில் ஒரு மனிதன்
பெயரில்லாமல் வந்து
கதவைத் தட்டாமல் திரும்பிப் போகிறான்.
"யார் அவன்?" என்றேன்.
கருவியின் சிவப்பு விளக்கைக் காட்டினாள்:
"அதை அணை."
அணைத்தேன்.
இருபது நிமிஷம் சொன்னாள்.
அதில் ஒரு சொல்கூட இங்கே இல்லை.
இடையில் பனிமலையின் ஒரு பக்கம்
உடைந்து கடலில் விழுந்தது.
அந்தச் சத்தமும் பதிவில் இல்லை.

கிளம்பும்போது சாவியை மறந்தேன்.
பிளக் செருகியாயிற்றே, நினைவூட்ட எதுவுமில்லை.
கார்வரை போய்த் திரும்பினால்
வாசலில் நின்று நீட்டுகிறாள்:
ஜில்லென்று, மீன் வாடையோடு,
உள்ளங்கையில் ஒரு குட்டி மத்தி.

நகரத்தில் ஒலிக்கலவை செய்யும் டாரில்
"அறுபது ஹெர்ட்ஸ் இரைச்சல், ஒரு நொடி வேலை" என்றான்.
எடுத்தான்.
சுத்தமாக இருந்தது.
கழுவிவிட்ட அறையில்
உட்காரச் சொல்ல ஆளில்லாமல் நின்றது அவள் குரல்.
"திரும்பப் போடு."
"கேட்கிறவர்கள் புகார் சொல்வார்கள்."
"சொல்லட்டும்."

உறையில் அச்சடிக்க வாத்தியப் பட்டியல் கேட்டார்கள்.
மெல்வினாவைப் போனில் பிடித்தேன்.
ஆலை இரைச்சலுக்குள்ளிருந்து கத்தினாள்:
"கம்பெனி பேரைப் போடாதே, காசு கேட்பான்!
என் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில் போடு.
தலைக்கனம் வந்தால்
அது ஐஸ் கட்டும்."