முன்பு குடியிருந்தவர் பெயருக்கு

கேகே மருத்துவமனை, காலை எட்டே கால்.
நேற்றிரவிலிருந்து பட்டினி,
மருத்துவர் எழுதிக் கொடுத்த பட்டினி.
ஆரஞ்சுச் சாயமிட்ட சர்க்கரைத் தண்ணீரை
ஐந்தே நிமிடத்தில் குடிக்கச் சொன்னார்
தாதி நோர்ஷிக்கின்.
இனி இரண்டு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும்.

படிவத்தில் ஒரு கட்டம்:
குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா?
அப்பாவுக்கு உண்டு. அவர் அப்பாவுக்கும்.
அவருக்கும் ஓர் அப்பா, காத்தமுத்து.
அவருக்குச் சர்க்கரை இல்லை.
அரிசியும் இல்லை.
ஜப்பான் காலத்தில்
சிலேத்தார் பக்கம் ஊபி பிடுங்கித் தின்றார்,
பிறகு அதன் தோலை,
பிறகு என்ன தின்றார் என்று
வீட்டில் யாரும் சொன்னதில்லை.

எழுத்து மாறாதாம்.
பக்கத்தின் மூலை மட்டும் மடிந்திருக்குமாம்,
இங்கே நிறுத்திப் படி என்று.
சேந்தன் ஒன்-நார்த்தில் எலிகளோடு வேலை பார்ப்பவன்.
"எலியில் சரி. மனுஷனில் இன்னும் தெரியாது.
நீ பானையைச் சுரண்டுவதற்கு
உன் அப்பாவைப் பார்த்து வளர்ந்ததே போதும்" என்கிறான்.
இருக்கலாம்.
ஆனால் அப்பா பானையைத் தொட்டதே இல்லை,
தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுபவர்.

எங்கள் ஈசூன் புளோக்கின் தபால் பெட்டிக்கு
இன்றும் வருகின்றன
முன்பு குடியிருந்த திரு கோவின் கடிதங்கள்.
அவர் போய் ஒன்பது வருடம்.
திருப்பி அனுப்பலாம்.
நான் பிரித்துப் படித்துவிடுகிறேன்.

அப்படி ஒன்று என் கணையத்துக்கும் வந்திருக்குமோ:
*பஞ்சம் வருகிறது. கிடைத்ததை விடாதே.*
முகவரி சரிதான்.
எண்பது வருடம் தாமதம், அவ்வளவுதான்.

உள்ளே ஓர் உதை. இனிப்பு எட்டிவிட்டது போல.
இவளுக்கு நான் எந்த மூலையை மடிக்கிறேன்?
இந்த மாதக் கணக்கு மட்டும்:
ஓர் ஆட்குறைப்புக் கடிதம்,
செங்காங் பேருந்து நிறுத்தத்தில்
மழைச் சத்தத்துக்குள் அழுதது,
அன்றிரவே மார்சிலிங்கில்
ரோஜாக் குச்சிக்குச் சண்டை போட்டு
மூக்கில் தண்ணீர் ஏறச் சிரித்தது.
அழுகைக்குத்தான் மடிப்பு விழும் என்று
யார் சொன்னது?
சேந்தனைக் கேட்டால் தெரியாது என்பான்.

முதல் ஒரு மணி நேரம் முடிந்தது.
நரம்பு ஒளிந்துகொண்டது,
இடது கையில் தேடினார்கள்.
கட்டம் சின்னது. ஒரு சொல்தான் பிடித்தது.
பசி, என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்.

நோர்ஷிக்கின் படித்துவிட்டு என் தோளைத் தட்டினார்:
"இன்னும் ஒரு மணி நேரம்தான்.
கீழே நாசி லெமாக் நன்றாக இருக்கும்."