முறுக்கு டின்

சுற்றறிக்கையை எழுதியது நான்தான்.
‘கூட்ட நேரத்தில் கைப்பேசி கூடாது.’
மூன்று திருத்தம்,
தாணுலிங்கம் சாரின் பச்சை மையில்
ஒரு ‘கண்டிப்பாக’.
வடசேரியில் வாங்கிய முறுக்கு டின்னைக்
கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்ததும் நான்தான்.
அடியில் இன்னும் சீரக வாசம்.

திங்கள், காலை பத்து.
பதினோரு கைப்பேசிகள் டின்னுக்குள்.
திரையில் அமெரிக்க ஆஸ்பத்திரி பில்கள்:
நிலுவை, நிராகரிப்பு, மறுபடி நிலுவை.
ஜன்னலில் வேளிமலை
பாதி மேகத்துக்குள் போய்விட்டது.
யாரும் படமெடுக்கவில்லை.

பத்து ஏழுக்கு முதல் அதிர்வு.
தகரம் அதைப் பெரிதாக்கிச் சொல்கிறது.
ரெதீஷின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்
பேனாவோடு திரும்புகிறது.
ஷைலஜா கட்டைவிரலால்
மேசைக் கண்ணாடியை மேலே தள்ளுகிறாள்,
கீழிருந்து அடுத்தது வரும் என்பதுபோல.
நான் சிரித்திருப்பேன்,
என் தொடையும் அதிராதிருந்தால்.
பை காலி.

“பார்த்தீங்களா, இதுதான் ஒழுக்கம்.”
சாருடையது மட்டும் லேப்டாப்புக்கு அடியில்
குப்புறக் கிடக்கிறது.
கிளையண்ட் கூப்பிடுவார்களாம்.

பெல்சி எதுவும் சொல்லவில்லை.
முட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள்.
வீட்டுக்காரன் கடலுக்குப் போய்ப் பதினாறு நாள்.
கரை நெருங்கினால்தான் டவர்.
கிடைத்ததும் ஒரு மிஸ்டு கால்;
ஆளு உண்டு என்று அதற்குப் பொருள்.
ஒக்கிக்குப் பிறகு
அவள் தெருவில் யாரும்
சைலண்டில் போடுவதில்லை.

விதிவிலக்குக்கு ஒரு வரி விட்டிருந்தேன்:
‘அவசர மருத்துவக் காரணங்கள்.’
கடல் அதில் வராது.

பத்து முப்பத்தொன்று.
டின் ஒரே ஒரு தடவை முனகி அடங்கியது.
எல்லாரும் டின்னைப் பார்த்தோம்,
பிறகு அவளை.
அவள் நிராகரிப்புப் பட்டியலின்
ஒன்பதாவது வரியில் இருந்தாள்,
பத்து நிமிடமாக அதே வரியில்.

சார் பேச்சை நிறுத்தினார்.
“எடுத்துப் பாரு மக்கா.”

டேட்டா தீரப்போகிறது என்ற செய்தி.
“ஒண்ணுமில்ல சார்” என்று
திரும்பவும் டின்னுக்குள் வைக்கப் போனாள்.
“இப்பம் வெளியவே கிடக்கட்டு.”

அப்படித்தான் நடந்தது
கைப்பேசி இல்லாத எங்கள் முதல் கூட்டம்:
மேசை நடுவில் திரை மேலாக ஒரு கைப்பேசி,
மூலையில் கீறல்,
பின்னுறையில் மாதா படம்,
சுற்றிப் பன்னிரண்டு பேர்,
ஸ்லைடு மாறியதே தெரியாமல்.

சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.
எப்படி எழுதினாலும்
அலுவலகத் தமிழில் நிற்கமாட்டேன் என்கிறது.