இரண்டும் இடக்கை

ஊரடங்கின் ஒன்பதாம் நாள்
நேசராணியின் மெசின் மூடியைத் திறந்தேன்.
உள்ளே மூன்று பொபின், ஒரு பல்லி,
உறை பிரித்துத் தின்ன மறந்த புளி டொபி.

பதினேழு வருசம்
மட்டக்களப்பு–கல்முனை பஸ்ஸில் டிக்கட் கிழித்த கை.
கிழிக்கத் தெரியும்.

அவள் ஆசுபத்திரி விடுதியிலிருந்து பேசினாள்.
வீட்டுக்கு வர விடுகிறார்கள் இல்லை.
வாட்டில் அங்கி முடிந்துபோய்
மழைக்கோட்டைக் கழுவிக் கழுவிப் போடுறாங்களாம்.
"மெசின் சும்மாதானே கிடக்கு,
நீங்களும் சும்மாதானே கிடக்கிறீங்க."

கல்முனையில் இஸ்மாலெவ்வை காக்கா
கடையின் பின்கதவைத் திறந்து ஒரு ரோல் கொடுத்தார்.
பை தைக்கிற வெள்ளைத் துணி.
காசைப் பற்றிக் கேட்டதற்கு
கையை மட்டும் விசிறினாராம்.
பாஸ் இருந்த வெற்றிலை லொறியில்
களுதாவளைக்கு வந்து சேர்ந்தது.
இரண்டு நாள் வீடெல்லாம் வெற்றிலை வாசம்.

"உனக்குத் தோள் எத்தின இஞ்சி?"
"கலியாணம் முடிச்சிப் பதினெட்டு வருசம்,
இப்பதான் கேக்கிறீங்க" என்றாள்.
மறுகா அவளுடைய போனில் சார்ஜ் போய்விட்டது.

மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் அடங்குமா என்று
படியில் நின்றே சொல்லிவிடுவேன்.
இந்தக் கரையோரம் முழுவதையும்
கண்ணால் அளந்து ஏற்றியவன்.
அலுமாரியைத் திறந்து
அவளுடைய சட்டையில் நூலைப் பிடித்தேன்,
களவெடுப்பவன் போல.

முதல் அங்கிக்கு இரண்டும் இடக்கை.
இரண்டாவதில் கழுத்தைச் சேர்த்துத் தைத்துவிட்டேன்.
மூன்றாவதில் ஊசி
என் சுட்டுவிரலுக்குள் ஏறி இறங்கியது.
அதை அனுப்பவில்லை.

துணி வழுக்கியது. பல்லில் சிக்கிச் சுருண்டது.
அடியில் கடதாசி வை என்று அவள்தான் சொன்னாள்.
பரணில் பழைய வேபில் கட்டுகள் இருந்தன.
வைத்துத் தைத்து,
தையல் ஓரமாய் ஒரே இழுவையில் கிழிக்க வேண்டும்.
அதை மட்டும்
எவனும் என்னைவிட நன்றாகச் செய்ய மாட்டான்.

ஐந்தாவதை முடித்த இரவு
தையலை லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
ஊசி போன இடமெல்லாம் ஓட்டை.
வெளிச்சம் வரிசையில் நின்று
ஒன்றன் பின் ஒன்றாய் உள்ளே ஏறியது,
கல்முனை ஸ்டாண்டில் பின்னேரச் சனம் போல.
எதை மறிக்கத் தைத்தேனோ
அதற்கு நானே படி வைத்துக் கொடுத்திருக்கிறேன்.
இரவு மூன்று மணி வரைக்கும்
பார்சல் டேப்பைக் கடித்துக் கடித்து ஒட்டினேன்.

பதினொன்று தேறியது.
களுவாஞ்சிக்குடிச் சந்தியில்
அம்புலன்ஸ் சாரதி இறங்காமலே வாங்கிக்கொண்டான்.
பாரத்தைப் பார்த்து,
"உள்ளுக்கு ஏதும் இரிக்கா?" என்று கேட்டான்.

மூன்றாம் நாள் போன் வந்தது.
"ஏழாவதுதான் உன்ர அளவு. போட்டியா?"
"அது நெட்டையான டொக்டருக்குப் போயிட்டு.
கக்கத்துக்குள்ள கிழிஞ்சி, பிளாஸ்டர் ஒட்டி விட்டன்."
"மறுகா?"
"மறுகா என்ன, பின்னேரம் எரிச்சாச்சி.
ஒருக்காப் போட்டா எரிக்கிறதுதான்."

நான் ஒன்றும் பேசவில்லை.
அங்கே யாரோ தள்ளுவண்டி தள்ளும் சத்தம்.

"ரெண்டும் இடக்கையா ஒண்டு இருந்திச்சே,
அதை ஆரும் எடுக்கல்ல. நான்தான் போட்டன்.
வலக்கை நாள் முழுக்க
முதுகுப் பக்கமா இழுத்துக்கொண்டே நிண்டது.
ஆரோ பின்னால நிண்டு கூப்பிடுற மாதிரி."
சிரித்தாளா இருமினாளா தெரியவில்லை.
இருமல் என்றால் கேட்கப் பயம். கேட்டேன்.
"சிரிப்பு, சிரிப்பு" என்றாள்.

இன்றைக்குப் பன்னிரண்டாவது.
கக்கத்தில் இரண்டு இஞ்சி கூட விட்டிருக்கிறேன்.
வேபில் கட்டில் கீழே போய்ப் போய்
இரண்டாயிரத்துப் பதினொன்று தை மாதம் வந்துவிட்டது,
பெருவெள்ளம். பஸ் ஓடாத நாட்கள்.
திகதி மட்டும் போட்ட வெற்றுத் தாள்கள்.
நல்ல தடிப்பு.
ஒன்றை உருவித் துணிக்கு அடியில் வைக்கிறேன்.