பதினொன்று நாற்பது

ஒன்பதாம் எண் பேருந்தைப்
பதினாறு வருடமாக ஓட்டுகிறேன்.
பெயர் ரெய்யோ லாத்தினன்.
ஊரின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்காது.
வடக்கு ஒண்டாரியோவில்
ஏரிக்கும் மூடிய நிக்கல் சுரங்கத்துக்கும் நடுவே
ஒரு கல்லூரி, இரண்டு சிக்னல்,
வருடத்தில் பாதிக்கு மேல் பனி.

முதல் செப்டம்பரில் பன்னிரண்டு பேர் ஏறினார்கள்.
ஒரே கடையில் வாங்கிய கறுப்பு அங்கிகள்.
ஒருவன் முதுகில் விலைச்சீட்டு ஆடியது.
நான் சொல்லவில்லை.
பின்னால் நின்ற பெண்
பல்லால் நூலைக் கடித்து அறுத்து
அவன் கையில் கொடுத்தாள்.
போர்ட் ஹார்கோர்ட்டிலிருந்து வந்த இபினாபோ,
ஜக்ராவுனிலிருந்து வந்த ஹர்நேக்.
ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது அப்போது.
எனக்கும்தான்.

மூன்று வருடத்தில் படிக்கட்டு வரை ஆள்.
பேருந்துக்குள் சீரகம் மணத்தது.
மீன் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வருபவர்களுக்காக
பதினொன்று நாற்பதுக்கு
ஒரு கடைசி நடை சேர்த்தார்கள்.
எனக்கு அதில் கூடுதல் சம்பளம்.

நகர மன்றத்துக்கு ஒரு மனு சுற்றி வந்தது.
உட்கார இடமில்லை,
வாடகை ஏறிவிட்டது,
டாக்டரைப் பார்க்க ஆறு வாரம்.
பொய் ஒன்றும் இல்லை அதில்.
மைனஸ் முப்பத்தொன்றில் என் பேனா உறைந்திருந்தது.
பக்கத்து ஆளிடம் இரவல் வாங்கிக்
கையெழுத்துப் போட்டேன்.

பிறகு ஒட்டாவாவில் யாரோ ஓர் எண்ணைச் சொன்னார்கள்.
அடுத்த வருடம் அதைவிடச் சிறிய எண்.
இந்தப் படிப்புக்கு வேலை அனுமதி உண்டு,
அந்தப் படிப்புக்கு இல்லை என்றொரு பட்டியல்.
வேனிலில் ஒரு பட்டியல், பனிக்கு முன் வேறு பட்டியல்.
ஹர்நேக் கைப்பேசியிலிருந்து தலை தூக்காமல்
தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போனான், இரண்டு முறை.

இபினாபோ ஒருநாள்
என் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள்:
"மாற்றுச் சீட்டு தொண்ணூறு நிமிடம் செல்லும்தானே?"
செல்லும் என்றேன்.
"நான் வண்டிக்குள் இருக்கும்போதே
முப்பது நிமிடம் என்று மாற்றிவிட்டால்?"
அப்படியெல்லாம் மாற்ற மாட்டார்கள், அம்மா.
அவள் சிரித்தாள்.
என் கண்ணாடியில் அந்தச் சிரிப்பு
அடுத்த சிக்னல் வரை தெரிந்தது.

இந்த செப்டம்பரில் ஏழு பேர்.
கல்லூரி பதினான்கு படிப்புகளை மூடியது.
அதில் ஒன்று சுவாசச் சிகிச்சை.
என் மகள் ஐலா அதில் முதலாண்டு.
அந்த வகுப்பில்
வெளிநாட்டுப் பிள்ளை ஒன்றுகூட இல்லை.
ஆனால் அந்த அறையின் செயற்கை நுரையீரல்களை
ஊதவைத்தது யார் கட்டணம் என்று
மூடும் கடிதத்தில்தான் படித்தோம்.
ஆறு மணி நேரத் தொலைவில்
இப்போது அவளுக்கு அறை தேடுகிறோம்.
வெளியூர்ப் பிள்ளைகளால்
அங்கே வாடகை ஏறிவிட்டதாம்.
வீட்டுக்காரி போனில் சொன்னாள்.
நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று கடைசி நடையின் கடைசி நாள்.
ஏறியவன் ஒருவன் மட்டும்.
நேபாளத்துப் பையன் தேஜேந்திரா.
மடியில் சோறு வடிக்கும் குக்கர்,
காலடியில் இரண்டு பெட்டி.
எங்கே என்று கேட்கவில்லை.
தொலைதூர வண்டி நிலையம் வந்ததும்
நான் எப்படியும் நிறுத்துவேன் என்று தெரிந்தும்
மணியை அழுத்தினான்.

இறங்குமுன் தன் சீட்டை நீட்டினான்.
"இன்னும் ஒரு மணி நேரம் செல்லும், சார்.
யாருக்காவது ஆகும்."

பனியில் பெட்டிச் சக்கரங்கள் உருளவில்லை.
இழுத்துக்கொண்டு போனான்.
நான் கதவை மூடாமல் இருந்தேன்.
உள்ளே சூடெல்லாம் போயிற்று.
சட்டைப் பையில் அந்தச் சீட்டு,
ஒன்று பத்து வரை செல்லும்.