இரண்டு க்ளிக்

கருங்கல் சந்தைக்குப் பின்னால்
பேட்டரித் தண்ணீரும் மழையும் ஒன்றாய்த் தேங்கும் இடத்தில் என் கடை.
ஹார்ன் ஊமையான ஆட்டோ, பற்ற மறுக்கும் ஜீப்பு.
கட்டிலென்று கேட்டு எவரும் வந்ததில்லை,
முட்டத்திலிருந்து புஷ்பலீலா வரும்வரை.

விசைப்படகில் விஞ்சு ஓட்டியவர் அவள் கணவர் சூசைநாயகம்.
கம்பி அறுந்து முதுகில் அடித்தது.
அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே சொல்பேச்சு கேட்பதில்லை.
"தலப்பக்கம் பொங்கணும் அக்கா, கடலு தெரியணுமாம்.
தூக்கித் தூக்கி எனக்க நடுவு ஒடியுது."

பார்சலில் வந்தது ஆக்சுவேட்டர்.
முழங்கை நீளம், பன்னிரண்டு வோல்ட்,
உள்ளேயிருந்து நீளும் ஒரு வெள்ளித் தண்டு.
வயர் இரண்டே.
ஒருபக்கமாய்க் கொடுத்தால் நிமிரும்,
மாற்றிக் கொடுத்தால் மடங்கும்.
மாற்றிக் கொடுக்கத்தான் ரிலே இரண்டு,
ஐந்து கால் கறுப்புப் பூச்சிகள்,
ஏதோ ஆம்னியின் ஹெட்லைட்டுக்கு வாங்கி வைத்திருந்தவை.

எண்பத்தைந்தும் எண்பத்தாறும் சுருளின் முனைகள்.
முப்பதிலிருந்து மோட்டாருக்கு.
சும்மா கிடக்கையில் முப்பது சாய்வது
எண்பத்தேழு ஏ-யில். அங்கே நெகட்டிவ்.
பொத்தானை அமுக்கினால் சுருள் விழித்து
நாக்கை இழுத்து எண்பத்தேழில் வைக்கும். அங்கே பாசிட்டிவ்.
மேலே போக ஒரு ரிலே, கீழே வர ஒன்று.
கண்ணை மூடுகையில் சுருள் திருப்பி உதைக்கும்;
அதற்கு ஆளுக்கொரு டயோடு, வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம்.

முட்டத்தில் காற்றுக்குப் பல் உண்டு,
ஆறே மாதத்தில் செம்பைப் பச்சையாக்கும்.
முனைகளின் கழுத்தெல்லாம் கிரீஸ் தடவினேன்.

முதல் தடவை, மேலே என்று அமுக்கக் கீழே போனது.
"கடலுக்க அடியையா பிள்ளே காட்டப் போறே?"
மோட்டார் வயர் இரண்டையும் இடம் மாற்றினேன்,
அவ்வளவுதான்.

பொத்தான் பெட்டி அவர் கைக்கு ஒன்று.
அடுக்களைச் சுவரிலும் வேண்டுமென்றாள் புஷ்பலீலா.
இழுத்துக் கொடுத்தேன், பன்னிரண்டு மீட்டர் கேபிள்.

மூன்றாம் வாரம் போன். அவர்தான்.
"கட்டிலு அனங்கல்ல."

மீட்டரோடு பஸ் ஏறினேன்.
பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஆறு.
ஃபியூஸ் முழுசு, கிரீஸ் காயவில்லை.
அமுக்கினேன், நிமிர்ந்தது. அமுக்கினேன், படுத்தது.
"ஆளு வந்தா மட்டும் ஒழுங்கு" என்று கட்டிலைத் திட்டினார்.
சாயா தந்துவிட்டு அவள் மீன் அறுக்கப் போனாள்.

நாலு மணி. படகுகள் திரும்பும் நேரம்.
அவர் கட்டைவிரல் பொத்தானில் இறங்கியது.
க்ளிக்.
தலைமாடு ஒரு சாண் எழும்பியது.
க்ளிக்.
நின்றுவிட்டது.

பொத்தானை அவர் விடவில்லை.
அடுக்களைக் கதவிடுக்கில்
செதில் ஒட்டிய ஒரு முழங்கை.

இரண்டு ரிலேயும் விழித்தால்
மோட்டாரின் இருபுறமும் பாசிட்டிவ்.
பன்னிரண்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே ஓட ஒன்றுமில்லை.
எதுவும் எரியாது, சூடுகூட ஆகாது.
நான்தான் அப்படிக் கட்டினேன், பாதுகாப்புக்கென்று.

ஜன்னலில் அவருக்குத் தெரிந்தது
வானமும் பக்கத்து வீட்டு ஓட்டுக் கூரையும்.
முப்பது வருடம் விஞ்சின் சத்தத்தைக் கேட்டே
கம்பியின் பாரம் சொன்னவர்.
ஒரு க்ளிக்கா இரண்டா என்றா தெரியாது?

கொஞ்ச நேரம் கழித்து விரலை எடுத்தார்.
மறுபக்கத்து விரல் இன்னும் எடுக்கப்படவில்லை.
கட்டில் மெல்லக் கீழே இறங்கியது,
கடைசிவரை.

வாசலில் செருப்பு மாட்டுகையில் அவள் சொன்னாள்:
"அந்தப் போட்டு இன்னும் ஓடுது அக்கா.
கம்பி மட்டும் புதுசு.
அதக் கண்டா ராத்திரி முழுக்க ஒறங்கமாட்டாரு."

உள்ளேயிருந்து அவர் குரல்:
"என்ன கேடுன்னு கண்டுபிடிச்சியா பிள்ளே?"

"பழைய பேட்டரி இல்லியா, சிலநேரம் அப்படித்தான்" என்றேன்.
நான் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பஸ்ஸில் நோட்டை எடுத்தேன்.
முட்டம், கட்டில். பழுது இல்லை.
கூலி என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் வரவில்லை,
பேனாவை மூடினேன், அதுவும் க்ளிக் என்றது.